படத்தின் ஓரத்தில் இருக்கும் பெண்கள்: பினாங்கில் ஸ்கேட்போர்டு வரலாறு தேடப் புறப்படுவோருக்கு

பட்டர்வொர்த்தில் என் சித்தி வீட்டில் ஒரு பழைய ஆல்பம் இருக்கிறது. அதில் ஒரு 4ஆர் (4x6 அங்குல) படம். நடுவில் ஒரு பையன் ஸ்கேட்போர்டோடு காற்றில் இருக்கிறான். சுற்றி ஐந்து பையன்கள் கைதட்டுகிறார்கள். வலது ஓரத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், ஒரு கால் தரையிலும் மறு கால் போர்டின் மேலுமாக நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் பாதி முகம். அவள் இடது கையில் ஒரு கட்டு. படத்தைத் திருப்பினால் பேனாவில் எழுதியிருக்கிறது: "யூத் பார்க், தைப்பூசத்துக்கு மறுநாள்." கீழே பையன்கள் ஆறு பேரின் பெயரும் வரிசையாக இருக்கிறது. பெண்கள் இருவரின் பெயரும் இல்லை.

இரட்டைச் சடைக்காரி என் சித்தி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்த காலத்தில் இரண்டு ஆண்டு ஸ்கேட் செய்திருக்கிறார். அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். எனக்கு முப்பது வயது ஆகும்வரை இது தெரியாது. கேட்டதற்கு, "அப்ப எல்லாம் யாரு கேட்டா?" என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பினாங்கில் ஸ்கேட் செய்த பெண்களைத் தேட ஆரம்பித்தேன். நான்கு ஆண்டாகிறது. நூலகப் படிப்போ ஆவணக் காப்பகப் பயிற்சியோ எனக்கு இல்லை. இந்த வேலைக்கு அவை கட்டாயமும் இல்லை. பொறுமையும் சில ஒழுங்குகளும் போதும். அந்த ஒழுங்குகளைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பினாங்குக்காரர்களுக்கு ஏற்றவை. கோலாலம்பூரில் இருப்பவர்கள் இடப்பெயரை மாற்றிக்கொண்டால் சரி.

உலகக் கதையை ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள்

நம்மூர்ப் பெண்களைத் தேடும்போது கலிஃபோர்னியாக் கதை எதற்கு என்று தோன்றும். காரணம் இருக்கிறது. ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "அந்த கேம்ல ஒரு பொண்ணு வருவாளே, அவளைப் பார்த்துதான் எனக்கு ஆசை வந்துச்சு" என்றார். பெயர் அவருக்கு நினைவில்லை. 1999-ல் வந்த டோனி ஹாக் வீடியோ கேமில் இருந்த நிஜ ஸ்கேட்டர்களில் ஒரே பெண் எலிசா ஸ்டீமர் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு தகவலால், அவர் ஸ்கேட் தொடங்கியது 1999-க்குப் பிறகுதான் என்று குறித்துக்கொள்ள முடிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் அந்த வரியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பேன்.

அதனால் சில முக்கியமான பெயர்களையும் ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1965 மே 14 தேதியிட்ட லைஃப் இதழின் அட்டையில், ஓடும் போர்டின் மேல் தலைகீழாகக் கைகளால் நின்றவர் பேட்டி மெகீ. 2010-ல் ஸ்கேட்போர்டிங் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே, 2024-ல் காலமானார். 1970களில் புகழ்பெற்ற கலிஃபோர்னியாவின் செஃபைர் ஸ்கேட் அணியை எல்லாரும் "பையன்கள்" என்றே சொல்லிவந்தார்கள், ஆனால் அந்த அணியில் பெகி ஓகி என்ற பெண்ணும் இருந்தார். த்ராஷர் என்ற அமெரிக்க ஸ்கேட்போர்டு இதழின் அட்டைக்கு 1989-ல் காரா-பெத் பர்ன்சைட் வந்தார், 1994-ல் ஜேமி ரெயஸ். அடுத்து ஒரு பெண் அந்த அட்டையில் வர 2017 ஆனது. அவர் லிஸ்ஸி அர்மான்டோ. நடுவே 23 ஆண்டு. அந்த 23 ஆண்டில் பெண்கள் ஸ்கேட் செய்யாமல் இல்லை. அட்டைப்படத்தை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் எவ்வளவு பேர் விடுபட்டுப்போவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நமக்கு அருகில் நடந்தவையும் உண்டு. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில், இந்தோனேசியாவின் பலெம்பாங்கில், பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்றவர் பிலிப்பைன்ஸின் மார்ஜிலின் டிடால். அதே போட்டியில் மலேசியாவுக்காக ஹிஜாப் அணிந்து இறங்கினார் ஃபாத்தின் ஷாஹிரா ரோஸிஸி. 2021-ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஸ்ட்ரீட் தங்கத்தை மோமிஜி நிஷியாவும் வெள்ளியை ராய்ஸா லேயாலும் வென்றபோது இருவருக்கும் வயது 13. பெங்களூரில் அதிதா வர்கீஸ் 'கேர்ல் ஸ்கேட் இந்தியா'வைத் தொடங்கினார். மாமல்லபுரத்தில் கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஸ்கேட் செய்த கமலியின் படம் உலகமெல்லாம் சுற்றியது. அவரைப் பற்றிய குறும்படம் 2020-ல் பாஃப்டா பரிந்துரை பெற்றது. கமலியின் படத்தைக் காட்டினால் நம் வீட்டுப் பெரியம்மாக்கள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள் என்பது என் அனுபவம்.

சிறியதாகத் தொடங்குங்கள்

"மலேசியப் பெண்களின் ஸ்கேட்போர்டு வரலாறு" என்று நோட்டுப் புத்தகத்தில் தலைப்பு எழுதிவிட்டு உட்கார்ந்தால் ஒரு வருடம் போனாலும் எதுவும் நகராது. ஓர் இடத்தையும் ஒரு பத்தாண்டையும் எடுங்கள். நான் எடுத்தது தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் யூத் பார்க், 1990கள். அவ்வளவுதான். வேறு காலத்துச் செய்தி கிடைத்தால் வீசாமல் தனி உறையில் போட்டு வைப்பேன்.

வீட்டு ஆல்பங்கள்

முதலில் ஸ்கேட் செய்த ஆண்களைத் தேடிப் போங்கள். இது சிலருக்குப் பிடிக்காது, எனக்கும் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. ஆனால் கேமரா வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஆல்பத்தையும் வீடியோ நாடாவையும் இன்னும் அலமாரியில் வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். "பொண்ணுங்க யாராவது இருந்தாங்களா அண்ணே?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "இல்லையே" என்பார்கள். அந்த பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "சரி அண்ணே, படத்தை மட்டும் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஆல்பம் திறந்ததும் ஓரங்களைப் பாருங்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது யார்? பையை மடியில் வைத்திருப்பது யார்? அவள் காலணியின் பக்கவாட்டைப் பாருங்கள். போர்டின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான கிரிப் டேப்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தால் அவள் வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை. அப்புறம், இந்தப் படத்தை எடுத்தது யார் என்றும் கேளுங்கள். எனக்கு மூன்று முறை "என் தங்கச்சி", "என் கேர்ள்ஃபிரெண்டு" என்ற பதில் வந்தது. அந்த மூவரில் இருவர் தாங்களும் ஸ்கேட் செய்தவர்கள்.

பெயர்களை மிகவும் கவனமாகக் குறியுங்கள். பையன்களுக்குப் பட்டப்பெயர் இருக்கும், அது எல்லாருக்கும் நினைவிருக்கும். பெண்களை "மணியோட தங்கச்சி" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும்: கூப்பிடும் பெயர், அடையாள அட்டையில் ஏ/பி (இன்னாரின் மகள்) என்று போட்டு அப்பா பெயரோடு இருக்கும் பெயர், திருமணத்துக்குப் பிறகு மாறியிருந்தால் அதுவும். லெட்சுமி என்ற ஒரு பெயரையே இங்கே ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். பிறகு பத்திரிகையில் தேடும்போது இந்த எழுத்து வேறுபாடுகள் எல்லாம் தேவைப்படும். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியவில்லை, நீல டீசட்டை, இடது கையில் கட்டு" என்று எழுதுங்கள். அடையாளம் இருந்தால் நாளை யாராவது பார்த்துச் சொல்வார்கள்.

படம் எந்த ஆண்டு எடுத்தது?

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் போர்டைப் பாருங்கள். 1960களின் போர்டு குறுகலான மரப்பலகை. சக்கரம் களிமண் கலவையில் செய்தது, சின்னக் கல் பட்டாலே நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். வண்ணமாக, தடிமனாக, ஒளி ஊடுருவுவதுபோல் இருக்கும் சக்கரம் படத்தில் இருந்தால் அதற்குப் பிந்தையது. 1980களின் போர்டுகள் அகலமானவை. முன்மூக்கு குட்டை, வால் பெரியது, அடியில் பிளாஸ்டிக் கம்பிகள், கண்ணைப் பறிக்கும் ஓவியம். 1990களில் இரண்டு முனையும் ஒரே மாதிரி வளைந்து, ஐஸ் குச்சி வடிவத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் சக்கரங்கள் பொத்தான்போல் சின்னதாக இருந்தன.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். அமெரிக்காவில் வந்த போர்டு இங்கே உடனே வந்துவிடாது. வந்த போர்டும் சீக்கிரம் போய்விடாது. அண்ணனிடமிருந்து தம்பிக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று பத்து வருடம் ஓடும். ஆகவே போர்டை வைத்து "இதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது" என்று மட்டும் சொல்லலாம். இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் 2010-ல் வந்த பென்னி போர்டு பார்ப்பதற்கு 1970களின் பிளாஸ்டிக் போர்டு மாதிரியே இருக்கும். ஒரு டிஜிட்டல் பிரிண்டைப் பழைய படம் என்று நம்பிப் பெட்டியில் வைத்த தவறு எனக்கு நடந்திருக்கிறது.

அடுத்து பின்னணி. கொம்தார் கோபுரம் முழுதாக நின்றால் 1980களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய படம். கடலோரப் படத்தில் முதல் பாலம் தெரிந்தால், அது திறந்தது 1985-ல். கடைப் பலகை, கார் எண்பலகை, சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர், தேர்தல் கொடி எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சாகியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பேட்டரி மாற்றிய பிறகு தேதியைச் சரிசெய்யாமல் விட்டவர்கள் ஏராளம். ஸ்டூடியோ தந்த உறை கிடைத்தால் அதையும் படத்தோடு சேர்த்து வையுங்கள். கடை முகவரியும் ரசீதும் சில நேரம் படத்தைவிட அதிகம் சொல்லும்.

மனிதர்களின் நினைவுக்கு ஆண்டு எண் ஒட்டாது. "எந்த வருஷம்?" என்று கேட்டால் "ஏதோ தொண்ணூறுகள்ல" என்பார்கள். அதற்குப் பதிலாக எல்லாருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். 1997-ல் புகைமூட்டம் வந்ததே, அதற்கு முன்னாலா பின்னாலா? சுக்கோம் 98 (கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டு) நடந்தபோது நீங்கள் ஸ்கேட் செய்துகொண்டிருந்தீர்களா? 2004 சுனாமியின்போது எந்த வீட்டில் இருந்தீர்கள்? சித்தியின் படத்துக்கு இப்படித்தான் ஆண்டு கிடைத்தது. போர்டின் வடிவம் 1990கள் என்று சொன்னது. தைப்பூசம் என்பதால் ஜனவரி அல்லது பிப்ரவரி. "புகைமூட்டம் வந்தப்ப நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆயிருச்சு, முதல் பாப்பா வயித்துல" என்றார். சித்தி வேலைக்குச் சேர்ந்தது 1994 ஜூன் என்று தொழிற்சாலை அட்டை சொன்னது. ஆகவே 1995 அல்லது 1996. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஒரே ஆண்டாகக் குறுக்க ஆதாரம் இல்லாதபோது குறுக்கக் கூடாது.

பத்திரிகைகளும் நூலகமும்

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. மலாயாச் செய்திகளும் அதில் நிறைய. வீட்டில் இருந்தபடியே தொடங்க இதுதான் எளிய வழி. பினாங்குக்கு என்று பார்த்தால், 1903-ல் தொடங்கி 1986-ல் நின்ற ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோவும், 1971-ல் பினாங்கில்தான் பிறந்த தி ஸ்டாரும் முக்கியம். சீனப் பத்திரிகையில் 1910 முதல் இங்கிருந்து வரும் குவாங் வா இருக்கிறது. சீனம் படிக்கத் தெரிந்த தோழி ஒருவரைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன தமிழ் நேசன், அப்புறம் மலேசிய நண்பன், மக்கள் ஓசை. பழைய இதழ்களுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். போவதற்கு முன் எந்த ஆண்டு, எந்தப் பத்திரிகை என்று எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சமாகும்.

தேடும் சொல்லில்தான் சூட்சுமம். மலாயில் இப்போது பாப்பான் செலாஜு என்கிறார்கள். பாப்பான் லுஞ்சூர் என்றும் போட்டுப் பாருங்கள். தமிழில் சறுக்குப் பலகை, சறுக்குப்பலகை, ஸ்கேட்டிங், ஸ்கேட் போர்டு. தமிழ்ப் பத்திரிகைப் பக்கங்களில் கணினி எழுத்தைப் பிழையாகப் படிப்பதுண்டு. ஆகவே தேடல் பெட்டியில் ஒன்றும் வராவிட்டால் பள்ளி விடுமுறை மாதங்களின் பக்கங்களைக் கண்ணாலேயே புரட்டுங்கள். விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பெண்கள் ஸ்கேட் செய்த செய்தி மாணவர் பக்கத்தில், மகளிர் பக்கத்தில், "சாலையில் ஆபத்து" என்று புகார் சொல்லும் வாசகர் கடிதத்தில், பேரங்காடி விளம்பரத்தில் வரும். கிடைத்ததும் பத்திரிகை பெயர், தேதி, பக்க எண், தலைப்பு நான்கையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வெட்டிய துண்டு மட்டும் இருந்து தேதி இல்லாவிட்டால் அதைப் பிறகு எங்கும் காட்ட முடியாது.

உட்கார்ந்து பேசுதல்

பேட்டி என்று சொன்னால் சித்திமார்கள் பயப்படுவார்கள். "உங்க படத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்று சொல்லுங்கள். படத்தை நல்ல பிரிண்ட் போட்டு எடுத்துப்போங்கள். கைப்பேசித் திரையில் காட்டுவதைவிட, கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும்.

முதல் கேள்வியாக "பெண் என்பதால் கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பார்கள். பொருளைக் கேளுங்கள். முதல் போர்டு எங்கே கிடைத்தது, எவ்வளவு வெள்ளி கொடுத்தீர்கள்? லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையிலா? வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள்? என்ன காலணி? மழை நாளில் எங்கே போவீர்கள்? விழுந்து கை உடைந்தால் வீட்டில் என்ன சொல்வீர்கள்? சித்தி தன் போர்டைத் தொழிற்சாலைத் தோழியின் லாக்கரில் வைத்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு, பார்க்கில் ஆள் சேர்வதற்கு முன், இரண்டு மணி நேரம் ஸ்கேட் செய்துவிட்டு ஃபெரி ஏறுவார். பெண்கள் ஏன் யார் படத்திலும் அதிகம் இல்லை என்பதற்கான காரணம் அதில் இருந்தது. பையன்கள் கேமராவோடு வந்தது மாலையில். "கஷ்டப்பட்டீர்களா" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

முடிவில் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "உங்களோட வேற யாரு இருந்தாங்க?" ஒருவர் இன்னொருவரைச் சொல்வார், அவர் அடுத்தவரை. என்னிடம் இருக்கும் பதினொரு பேரும் அப்படிக் கிடைத்தவர்கள்.

பதிவு செய்யும்போது இரண்டு கருவியில் பதியுங்கள். கைப்பேசி ஒன்று, சின்ன ரெக்கார்டர் ஒன்று. கோப்பு வகையைக் கேட்டால் வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்த முடியாவிட்டால் வேகத்தையாவது குறையுங்கள், அந்தச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். தொடக்கத்தில் தேதி, இடம், இருவர் பெயரையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள்.

எழுத்தாக்கும்போது அவர் பேசியபடியே எழுதுங்கள். நம் ஊர்ப் பெண்கள் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றையும் கலப்பார்கள். அதைத் திருத்தி மேடைத் தமிழாக்கினால் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். எழுதியதை அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துரு" என்றால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அவருக்குத் தெரிந்த மொழியில், ஒரே பக்கத்தில். பதிவு செய்யச் சம்மதமா என்பது ஒரு கேள்வி. வெளியிடச் சம்மதமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அன்று பதினாறு வயதில் டீசட்டையோடு ஸ்கேட் செய்த மலாய்த் தோழி இன்று தூடோங் (தலைமுக்காடு) அணிகிறார். பழைய படம் வெளியே வருவதில் அவருக்கு விருப்பமில்லை. பேச்சை மட்டும் தந்தார், படம் உறைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொருவர் வீட்டில் கணவருக்கே தெரியாது. அவருடைய பதிவில் பெயர் மாற்றியிருக்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் பேசினால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். படத்தின் காப்புரிமை பொதுவாக எடுத்தவருடையது, படத்தில் இருப்பவருடையதல்ல. ஆகவே கேமரா பிடித்தவரிடமும் கேட்க வேண்டும்.

நாடாக்கள் காத்திருக்காது

ஆல்பத்தைவிட இதற்கு அவசரம் அதிகம். விஎச்எஸ், ஹை8, மினிடிவி வீடியோ நாடாக்கள் பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கின்றன. நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டும் கருவி கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. ஸ்கேட்டர்கள் உயிராக நினைத்த சோனி விஎக்ஸ்1000 கேமரா 1995-ல் வந்தது, மினிடிவி நாடாவில் பதியும். அதை வைத்திருந்த அண்ணன் யார் என்று விசாரியுங்கள். கேமரா இன்னும் ஓடினால் ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினிக்கு எடுக்கலாம். அப்படி எடுத்தால் நாடாவில் இருப்பது தரம் குறையாமல் அப்படியே வரும். ஒரு மணி நேர நாடா ஏறக்குறைய 13 ஜிபி.

நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் தெரிந்தால் எந்தக் கருவியிலும் போடாதீர்கள். நான் அப்படி ஒரு ஹை8 நாடாவை ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் பார்க்காமல் ஓட்டிவிட்டார்கள். நாடா அறுந்தது. நடுவில் இருபது நிமிடம் திரும்பவே இல்லை. 1998-ல் மூன்று பெண்கள் சேர்ந்து ரேம்ப்பில் இறங்கிய நாள் அது என்று நாடாவின் மேல் எழுதியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. கடையில் கொடுக்கும் முன், பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யத் தெரியுமா என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் திருப்பி எடுத்து வாருங்கள்.

நல்ல நாடா என்றால் முழுதாக எடுங்கள், வெட்டாமல். பையன்களின் வீடியோவில் பெண்கள் இருப்பது ட்ரிக்குக்கு முன்னும் பின்னும்தான்: கேமரா கைமாறும்போது, தண்ணீர் குடிக்கும்போது, எல்லாரும் களைத்து உட்கார்ந்த பிறகு ஒரு பெண் யாரும் பார்க்காமல் ஓலி (போர்டோடு எம்பிக் குதிப்பது) பழகும்போது. "நல்ல பகுதிகளை மட்டும்" டிஜிட்டல் ஆக்கினால் முதலில் போவது இவைதான்.

ஸ்கேன், பெயர், பெட்டி

பிரிண்டுகளை 600 டிபிஐ-யில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். ஒரு 4ஆர் படம் ஏறக்குறைய 26 எம்பி வரும். பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் தங்கம், 3000 டிபிஐ-க்குக் குறையாமல் எடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் நகர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் எழுத மென்மையான பென்சில் மட்டும்.

கோப்புப் பெயரில் தேதி முதலில் வரட்டும், பிறகு இடம், பிறகு வரிசை எண். யார், எங்கே, யார் எடுத்தது, யாரிடமிருந்து வந்தது, என்ன அனுமதி என்பதெல்லாம் ஓர் அட்டவணையில். மூன்று பிரதிகள் வையுங்கள், இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு வீட்டில். கடைசியாகச் சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 நவம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் எதையும் வைக்க வேண்டாம். அசல் படங்களுக்குப் பாலிபுரொப்பிலீன் உறை நல்லது, பிசின் வாடை அடிக்கும் பிவிசி உறை கெடுதல். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் ட்ரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இராமபாணப் பூச்சியும் கரையானும் கேட்டுக்கொண்டு வராது.

இணையத்தில் இருப்பதைப் பத்திரமானது என்று நினைக்க வேண்டாம். 2000களில் நம்மூர்ப் பிள்ளைகளின் படமெல்லாம் ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்தது. 2009-ல் அதை வாங்கியதே ஒரு மலேசிய நிறுவனம்தான். 2011 மே மாத இறுதியோடு பழைய படங்களும் எழுத்துகளும் அழிக்கப்பட்டன. பழைய தளம் எதுவும் கண்ணில் பட்டால் அன்றைக்கே இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் சேமியுங்கள், ஒரு பிரதியை உங்களிடமும் வையுங்கள்.

திருப்பிக் கொடுத்தல்

அசல் ஆல்பம் அந்த வீட்டுக்குத்தான் சொந்தம். சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள், கூடவே ஸ்கேன் செய்த கோப்புகளை ஒரு பென்டிரைவிலும், பெரிதாக்கிய ஒரு பிரிண்டையும்.

சேர்த்ததை வெளியிட, பள்ளியில் நாம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை மாதிரி ஒரு சின்ன இதழ் போதும். நாற்பது பக்கம், நூறு பிரதி. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகமே தருகிறது. நூலகப் பொருள் ஒப்படைப்புக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட பிரதிகளை அங்கே கொடுக்க வேண்டும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். ஐம்பது வருடம் கழித்து ஒரு பெண் தேடினால் அவளுக்குக் கிடைக்கும் இடம் அதுதான். அச்சில் வந்த பிறகு விக்கிப்பீடியாவிலும் அதைச் சான்றாகக் காட்டக் கேட்டுப் பார்க்கலாம். பேட்டிப் பதிவுகளையும் அனுமதிப் படிவங்களையும் சேர்த்துத் தேசிய ஆவணக் காப்பகத்திலோ ஒரு பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். அமெரிக்காவில் சிண்டி வைட்ஹெட் என்ற ஸ்கேட்டரின் பொருள்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சித்தியின் போர்டை அப்படிக் கேட்பவர் யாரும் இதுவரை வரவில்லை, அதனால் அது என் அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது, ஒரு சீட்டோடு: யாருடையது, எந்த ஆண்டு, எங்கே வாங்கியது.

அந்தப் படத்தின் பின்புறத்தில், பையன்களின் பெயருக்குக் கீழே, சித்தி தானே பென்சிலால் தன் பெயரை எழுதினார். பாதி முகம் தெரியும் பெண்ணின் பெயர் அவருக்கும் நினைவில்லை. ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், அவளுடைய போர்டின் சக்கரம் பச்சை நிறம், கையில் கட்டு இருந்தது ரேம்ப்பில் விழுந்ததால் என்கிறார். 1995 அல்லது 1996, தைப்பூசத்துக்கு மறுநாள், யூத் பார்க். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.